பொக்காஷி வாளி: கீரைக்கு அதன் நீர் எந்த அளவுக்கு உதவும்?

வீட்டுக் கழிவைக் காற்றுப் புகாமல் புளிக்கவைக்கிற இந்தப் பொக்காஷி வாளி நல்ல வாளி. கழிவின் மேல் தூவக் கூட வரும், நுண்ணுயிர் ஊறிய தவிடும் நல்ல தவிடு. விற்கிறவர்கள் சொல்லும் ஒரு பேச்சை மட்டும் நான் ஏற்கவில்லை: “வீட்டில் மிஞ்சுகிற எதையும் போடுங்கள், வடிகிற நீரைக் கீரைக்கு ஊற்றுங்கள்.” எதையும் போடலாம் என்பது சரி. வடிகிற நீரைக் கீரைக்கு ஊற்றலாம் என்பதும் சரி. ஆனால் ஒரே வாளியில் இரண்டையும் செய்யக் கூடாது. இந்த வித்தியாசத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை, வாளியோடு கொடுக்கும் துண்டுத்தாளிலும் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் யாங்கோன் திங்கன்ஜூனில் இட்லி, தோசைக் கடை நடத்துகிறேன். மதியம் சாப்பாடும் உண்டு. பூசணித்தோல், சுரைக்காய்த்தோல், வெங்காயச் சருகு, பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை, மீன் செதில், தட்டில் மிஞ்சிய சோறு, பாத்திரத்தின் அடியில் நின்றுபோன சாம்பார் என்று ஒரே நாளில் எவ்வளவு சேரும் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மணி அடித்துக்கொண்டு குப்பை வண்டி வந்து சேருவதற்குள் காக்கையும் எலியும் மூட்டையைப் பிய்த்துவிடும். 2018 ஏப்ரலில் லைந்தாயாவின் டெயின்பின் குப்பைமேடு தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்ததை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மட்கும் குப்பையைக் காற்றோட்டமில்லாமல் மலையாகக் குவித்தால் உள்ளே மீத்தேன் வாயு சேரும், சூடும் ஏறும். நம் வீட்டுச் சோறும் தோலும் அந்த மேட்டுக்குப் போகாமல் இருந்தாலே அது பெரிய காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைக்குப் பின்னால் ஒரு கீற்று நிலம் இருக்கிறது. அதில் பாதியை ஒரு தென்னையும் வாழைக்கூட்டமும் பிடித்துக்கொண்டன. மீதியில் பழைய அரிசிச் சாக்குகளில் மண் நிரப்பித் தண்டுக்கீரை, புளிச்சகீரை, கடுகுக்கீரை, கொத்தமல்லி, வல்லாரை போட்டிருக்கிறேன். தண்ணீர் தேங்கும் மூலையில் பர்மியர் கசூன் என்று சொல்லும் வள்ளைக்கீரை. கடைப் பொரியலுக்கும் கூட்டுக்கும் வேண்டிய கீரையில் ஒரு நல்ல பங்கு இங்கிருந்தே வருகிறது. யூரியா விலை ஏறிய பிறகு, கழிவிலிருந்தே உரம் எடுப்பது எனக்குப் பொழுதுபோக்காக இல்லை, கணக்கு வழக்கில் சேர்ந்த விஷயமாகிவிட்டது.

மின்சாரத்தில் ஓடும் உரமாக்கும் பெட்டிகளையும் விற்கிறார்கள். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று பார்த்துச் சமைக்கிற ஊரில் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொக்காஷி வாளிக்கு மின்சாரமே வேண்டாம். எனக்கு அது பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

பொருளைப் பற்றிச் சொல்கிறேன். உயரமான பிளாஸ்டிக் வாளி, ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான மூடி, அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஓட்டை போட்ட தட்டு, தட்டுக்குக் கீழே ஒரு குழாய். கழிவைத் தட்டின் மேல் போட்டு, ஒரு கைப்பிடித் தவிடு தூவி, அழுத்தி, மூட வேண்டும். உள்ளே காற்று இருக்கக் கூடாது. தவிட்டில் ஊறியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் கழிவைப் புளிக்கவைக்கும். கழிவிலிருந்து பிரியும் நீர் தட்டு வழியே கீழே இறங்கும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை குழாயைத் திருகி அதை எடுத்துவிட வேண்டும். வாளி நிரம்பிய பின் இரண்டு வாரம் மூடியபடியே வைத்துவிட்டு, புளித்த கழிவை மண்ணில் புதைக்க வேண்டும். ஒன்று புளிக்கும் காலத்தில் இன்னொன்று நிரம்ப வேண்டும் என்பதால் ஒற்றை வாளி வாங்குவதில் பயனில்லை.

பொக்காஷி ஜப்பானிய விவசாயிகளின் முறை. இன்று விற்கும் தவிட்டில் பெரும்பாலும் இருப்பது ஒக்கினாவாவில் ரியூக்யூ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டெருவோ ஹிகா 1980-களில் பரப்பிய இ.எம். என்ற நுண்ணுயிர்க் கலவை. லாக்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்டும் அதில் முக்கியம். மாவு அரைத்துப் பிழைக்கிறவளுக்கு இவை அந்நியமில்லை. இரவில் இட்லி மாவைப் பொங்கவைப்பவையும் அதே குலத்தைச் சேர்ந்தவைதான். அதனால் வாளி சரியாகப் போகிறதா என்று பார்க்க எனக்குக் கருவி தேவைப்படவில்லை. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற புளிப்பு, இட்லிக்கு அளவாகப் பொங்கிய மாவின் புளிப்பாக இருந்தால் சரி. அது தாண்டி அழுகிய முட்டை நெடி அடித்தால் காற்று புகுந்திருக்கிறது, அல்லது அடியில் நீர் தேங்கிக் கழிவைத் தொட்டுவிட்டது. மேலே வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் நல்லது. பச்சை, கறுப்புப் பூஞ்சை என்றால் கெட்டுப்போகிறது என்று அர்த்தம், தவிட்டைக் கூட்டிப் போட வேண்டும்.

இப்போது நீருக்கு வருகிறேன். குழாயிலிருந்து விழுவது தேயிலைச் சாயத்தைவிடச் சற்று வெளிறிய பழுப்பு நீர். பூசணி, சுரைக்காய், பழத்தோல் போன ஈரக் கழிவு என்றால் நிறைய வரும். சோறும் ரொட்டியுமாக இருந்தால் ஒரு சொட்டுக்கூட வராது, அதை வாளியின் குறையென்று நினைக்க வேண்டாம். இந்த நீர் கடும் அமிலம். இதன் பிஎச் அளவு 4-க்கு அருகில் இருக்கும். அப்படியே ஊற்றினால் கீரையின் இளவேர் கருகும். 100 பங்கு அல்லது 200 பங்கு தண்ணீரில் கலந்தே ஊற்ற வேண்டும், கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

எனக்குக் கிடைத்த துண்டுத்தாளில் லிட்டருக்கு 20 மில்லி என்று போட்டிருந்தது. அதாவது 50-க்கு ஒன்று. தாளை நம்பி எல்லாவற்றுக்கும் ஊற்றிவிடாமல், ஒரே விதை, ஒரே மண் என்று மூன்று சாக்குகளில் தண்டுக்கீரை போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு வெறும் தண்ணீர். ஒன்றுக்கு லிட்டருக்கு 5 மில்லி. ஒன்றுக்குத் தாளில் சொன்ன 20 மில்லி. அப்போது வாளிக்குள் சாம்பாரும் ரசமும் ஊறுகாய் கலந்த சோறும் போய்க்கொண்டிருந்தன, தாளே அப்படித்தான் சொல்கிறது. கோடைக்காலம், ஒரு மழையும் இல்லை. 5 மில்லி ஊற்றிய சாக்கில் இலை வெறும் தண்ணீர் சாக்கைவிடக் கொஞ்சம் கரும்பச்சையாக வந்தது. 20 மில்லி சாக்கில் முதலில் செழிப்பாகவே இருந்தது. பிறகு முற்றிய இலைகளின் ஓரம் ஒரு நூல் அகலத்துக்குப் பழுப்பாகித் தீய்ந்தது. சாக்கின் வெளிப்பக்கத்தில், தையல் வழியே ஈரம் கசிந்து காய்ந்த இடங்களில், வெள்ளையாக ஒரு பொருக்கு கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. உப்பு.

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். நுண்ணுயிர் சோற்றை மாற்றும், பருப்பை மாற்றும், மீனை மாற்றும். உப்பை ஒன்றும் செய்யாது. நாம் சாம்பாரில் போட்டது, ஊறுகாயில் இருப்பது, பக்கத்து வீட்டு பர்மிய அக்கா அன்போடு கொண்டுவந்து கொட்டும் ஙாப்பி என்ற புளித்த மீன் விழுதுக் குழம்பில் இருப்பது எல்லாம் அப்படியே கரைந்து குழாய் வழியே வந்துவிடும். நிலத்தில் என்றால் மழை அடித்துக்கொண்டு போகும். சாக்கிலும் தொட்டியிலும் கோடையில் ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் சேர்ந்துகொண்டே போகும். கீரைகளிலும் கொத்தமல்லி, சலாட் இலை போன்றவை உப்பைக் கொஞ்சமும் பொறுக்காது.

ஆகவே என்னிடம் இப்போது இரண்டு ஜோடி வாளிகள் இருக்கின்றன. ஒரு ஜோடிக்குள் சமைக்காத கழிவு மட்டும் போகும். காய்த்தோல், பழத்தோல், கீரைக்காம்பு, தேங்காய்ச் சக்கை, ஊறவைத்து மிஞ்சிய உளுந்துத் தோல். கோயிலில் அன்னதானம் நடக்கும் நாளில் காய் நறுக்குகிற இடத்திலிருந்து வரும் தோல் மூட்டையைப் போல் சுத்தமான சரக்கு எதுவும் இல்லை. பூசணித்தோல் கனமாக இருந்தால் சிறிதாக வெட்டிப் போடுகிறேன், இல்லையென்றால் அது புளிக்கப் பிடிவாதம் பிடிக்கும். இந்த வாளியின் நீரை 100-க்கு ஒன்று கலந்து கீரைக்கு ஊற்றலாம், இலை ஓரம் தீய்வதில்லை. நாற்றுக்கு மட்டும் 200-க்கு ஒன்று.

இன்னொரு ஜோடிக்குள் சமைத்தது எல்லாம் போகும். அதன் நீர் கீரைப் பக்கமே வருவதில்லை. நன்றாகக் கலக்கித் தென்னைக்கு ஊற்றுகிறேன். தென்னை உப்பைப் பொறுத்துக்கொள்ளும் மரம். அதிகமானால் கடையின் பாத்திரம் கழுவும் சாக்கடையில் விடுகிறேன், நாற்றம் தணிகிறது. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தென்னைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சாக்கடைதான் வழி. அதில் எந்த நஷ்டமும் இல்லை, ஏனென்றால் இந்த வாளியின் உண்மையான சொத்து நீரில் இல்லை, கழிவில் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கீரைக்கு முக்கியமாக வேண்டியது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். கழிவில் இருக்கும் தழைச்சத்தில் பெரும்பங்கு புரதமாக அந்தத் தோலிலும் சோற்றிலும் மீனிலும் பூட்டிக் கிடக்கிறது. இரண்டு வாரப் புளிப்பில் அது முழுவதும் அவிழ்ந்துவிடாது. நீரில் சுலபமாக இறங்குவது சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம்தான். வாழைப்பழத்தோல் நிறையப் போட்டால் அது தாராளமாக இறங்கும். ஆகவே இந்த நீர் கீரைக்கு ஒரு துணை. இதை மட்டும் ஊற்றி ஒரு சாக்குக் கீரையை வளர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்தச் சாக்கின் மண்ணில் முன்பே எரு இருந்ததா என்று கேளுங்கள்.

புளித்த கழிவை நான் பெரிய சாக்கில் ஒரு பங்கு கழிவு, இரண்டு பங்கு பழைய மண் என்று கலந்து, மேலே ஒரு சாண் மண் மூடி, நிழலில் வைத்துவிடுகிறேன். யாங்கோன் வெக்கையில் இரண்டு மூன்று வாரத்தில் தோல் எது, சோறு எது என்று அடையாளம் தெரியாது. தொடக்கத்தில் அமிலம் தூக்கலாக இருக்கும் என்பதால் அவசரப்பட்டு விதை போடக் கூடாது. அந்த மண்ணைத் திரும்பவும் கீரைச் சாக்கில் கலந்து போட்ட தண்டுக்கீரையில் முதல் அறுப்புக்குப் பிறகும் தளிர் சோராமல் வந்தது. சமைத்த கழிவு வாளியிலிருந்து வரும் மண்ணை மழைக்காலம் முழுவதும் வெளியில் நனையவிட்டு, அதன் பிறகே கீரைக்கு எடுக்கிறேன். மே மாத நடுவிலிருந்து அக்டோபர் வரை இங்கே பெய்கிற மழை உப்பைக் கழுவ வேண்டியதற்கு மேலேயே கழுவிவிடும்.

நீர் வடிவில்தான் தழைச்சத்து வேண்டும் என்கிறவர்களுக்கு வாளியைவிட மீன் அமிலம் நல்லது. இதைத் தமிழ்நாட்டு விவசாயிகள் நன்றாக அறிவார்கள், இங்கேயும் தோட்டக்காரர்கள் செய்கிறார்கள். உப்புப் போடாத மீன் கழிவு ஒரு வீசை என்றால் வெல்லமும் ஒரு வீசை. மேல் பர்மாவிலிருந்து வரும் பனைவெல்லம் எல்லாப் பஜாரிலும் கிடைக்கிறது. உருண்டையை இடித்துப் போட வேண்டும். ரோகு மீனின் குடலும் செதிலும் மீன்காரம்மா சும்மாவே கொடுத்துவிடுவார். இரண்டையும் மண்பானையிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ போட்டு, வாயைத் துணியால் கட்டி, எறும்பு ஏறாத இடத்தில் வைத்தால், மாதக் கணக்கில் புளித்துத் தேன் நிறத்தில் பாகாக இறங்கும். வடிகட்டி வைத்துக்கொண்டு லிட்டருக்கு 5 மில்லியைத் தாண்டாமல் வேரில் ஊற்றினால் வள்ளைக்கீரை அறுத்த இடத்திலிருந்து துடிப்பாகத் துளிர்க்கிறது. வெல்லத்தின் விலைதான் ஒரே தடை. அதனால் இதைச் சமைத்துத் தின்னும் கீரைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு வாளி நீர்.

இன்னொரு விஷயத்தைக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். வல்லாரையையும் கொத்தமல்லியையும் நாம் பச்சையாகத் தின்கிறோம். பர்மிய வீடுகளில் வல்லாரையை வெங்காயமும் நிலக்கடலையும் போட்டுப் பிசைந்து சாலடாகவே சாப்பிடுகிறார்கள், என் கடைக்கு வருகிறவர்களும் கேட்டு வாங்குகிறார்கள். அமிலம் கிருமியைக் குறைக்கும் என்பது உண்மை. அதற்காக மீனும் இறைச்சியும் புளித்த நீரை இலை மேல் தெளிப்பது தகாது. துண்டுத்தாளில் தெளிப்பானின் படம் போட்டிருக்கிறார்கள். பச்சையாகத் தின்னும் கீரைக்கு அந்தப் படத்தைப் பின்பற்றாதீர்கள். வேர்ப்பக்கம் மண்ணில் ஊற்றுங்கள், அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள், ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பச்சைக்கீரைச் சாக்குகளுக்குக் காய்த்தோல் வாளியின் நீரைத் தவிர வேறு எதையும் நான் காட்டுவதில்லை.

வாளியின் குறைகளில் பெரியது குழாய். சோற்றுப்பருக்கை ஒன்று தட்டின் ஓட்டை வழியே இறங்கிவிட்டால் குழாயின் வாய் அடைத்துக்கொள்கிறது. ஈர்க்குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். தட்டின் மேல் ஒரு துண்டு கொசுவலையை வெட்டி விரித்தால் அடைப்பு நின்றுவிடும், இதை விற்கிறவர்களே செய்து தரலாம். குழாய் மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருப்பதால் கீழே ஒரு டம்ளர்கூட நுழையாது. இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தாலொழிய வேலை நடக்காது. நான் வாங்கியவற்றில் ஒன்றின் குழாய் மரையில் கசிந்தது. கடைத் தம்பியிடம் சொன்னதும் வேறு வளையம் கொடுத்தார், வாக்குவாதம் செய்யவில்லை. அதைப் பாராட்ட வேண்டும். மூடியைப் பற்றி ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பகுதி எலிகளை மீறி நிற்கும் மூடி அது.

தவிட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறார்கள். கோடையில் பரவாயில்லை. மழை பிடித்துவிட்டால் பையைத் திறந்த மறுவாரமே தவிடு கட்டிகட்டியாகி, பச்சைப் பூஞ்சை பூத்துவிடும். வாங்கி வந்ததும் பிஸ்கட் டின்னில் கொட்டி இறுக மூடுங்கள். தொடர்ந்து வாங்கினால் வாளியின் விலையைத் தவிட்டுச் செலவு தாண்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். விவசாயக் கடைகளில் இ.எம். கரைசல் போத்தலாகவே கிடைக்கிறது. அதையும் வெல்லப்பாகையும் தண்ணீரில் கலந்து, அரிசி ஆலைத் தவிட்டில் பிசறி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரமாக்கி, காற்றுப் புகாமல் இரண்டு வாரம் கட்டி வைத்துப் பிறகு நிழலில் உலர்த்தினால் அதே தவிடு. நான் கோடையிலேயே மழைக்காலத்துக்கும் சேர்த்துச் செய்துகொள்கிறேன். வெயில் இல்லாத ஜூலையில் தவிடு உலராது.

யாருக்கு இது வேண்டாம் என்றால், தினமும் கழிவைப் பிரித்துப் போட ஆள் இல்லாத வீட்டுக்கு வேண்டாம். பிரிக்காத வாளி மண்ணுக்கு நல்லது செய்யும், கீரைக்குச் செய்யாது. சாக்கில் கீரை வளர்க்கிறவர்களும், சமையல்கட்டில் இரண்டு ஏனம் தனித்தனியாக வைக்கத் தயாராக இருப்பவர்களும் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது ஜோடியாக விலை பேசுங்கள், குழாயை அங்கேயே தண்ணீர் ஊற்றித் திருகிப் பாருங்கள், மாற்று ரப்பர் வளையம் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தருகிறார்கள்.